அண்ணி நகர்த்திய விளக்கு

போன வாரம் அண்ணியைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய வாசகிகள், தயவுசெய்து அவளை மெதுவாகக் கீழே இறக்கி வைத்துவிட்டு இந்த அத்தியாயத்தைப் படிக்க வேண்டும். கொண்டாடியதில் தப்பில்லை. கொண்டாடும்படிதான் நானும் எழுதியிருந்தேன். ஆனால் ஒன்றை உங்களிடமிருந்து மறைத்துவிட்டேன்.

புதிதாகச் சேர்ந்துகொள்பவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. இந்த வீட்டில் மூன்று பெண்கள். முதலாவது, பிரசவ வார்டில் காலமெல்லாம் நின்று கால் வீங்கி ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மா. அவள் மகன் கப்பலில் சமையல்காரன், வருடத்தில் பாதி கடலில். அவன் மனைவிதான் நம் அண்ணி. ஒரு தோல் சிகிச்சை நிலையத்தில் மெஷின் இயக்குகிறாள். மூன்றாவது அம்மாவின் கடைக்குட்டி. தண்ணீரைக் கண்டால் குதித்துவிடுவாள் என்று அண்ணன் வைத்த 'தவளை' என்ற பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பள்ளி நாட்களில் நீச்சலில் பதக்கமாக வாங்கிக் குவித்த தவளை, பதினேழு வயதில் நீச்சலையே தலைமுழுகினாள். காரணம் தொடை. பின்பக்கத் தோல் சமமாக இல்லாமல் குழிகுழியாகத் தெரிந்தது. செல்லுலைட் என்று பெயர். நோயுமில்லை நொடியுமில்லை, பெண்களில் பெரும்பாலோருக்கு இருப்பதுதான். இதையெல்லாம் பதினேழு வயதுப் பெண்ணிடம் யார் சொல்வது?

பத்து வருடம் கழித்து அவளைக் கையைப் பிடித்து இழுத்துப்போனது அண்ணிதான். கத்தி கிடையாது, ஊசி கிடையாது. தோலுக்கு அடியில் சூடு கொடுக்கும் மெஷின் ஒன்று, உருளைகளுக்கு நடுவில் தோலை இழுத்துப் பிசையும் மெஷின் ஒன்று. வாராவாரம் தவளை குப்புறப் படுத்துக்கொண்டாள், அண்ணி கதை பேசிக்கொண்டே மெஷினை ஓட்டினாள். போன வாரம் இரண்டாவது படம் எடுத்தார்கள். பார்த்த தவளை அழுதுவிட்டாள். அழுத கையோடு நீச்சல் குளத்துக்குப் போன் போட்டு, பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலைக்கு வருகிறேன் என்று சொன்னாள். அங்கேதான் விட்டோம்.

இப்போது நான் மறைத்ததைச் சொல்கிறேன்.

சிகிச்சைக்கு முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம். இரண்டும் ஒரே மாதிரி எடுக்க வேண்டும் என்பது அந்த இடத்தின் முதல் சட்டம். கால் வைக்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டியிருக்கும். விளக்கு நிற்கும் இடத்திலும் டேப். விளக்கு இடப்பக்கம், இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் குழிகளில் நிழல் விழும், உள்ளது உள்ளபடி தெரியும். அதே விளக்கை நேர் எதிரே வைத்துவிட்டால் நிழல் இல்லை, நிழல் இல்லாவிட்டால் குழியும் இல்லை. மெஷினே தேவையில்லை.

இந்த டேப்புகளை ஒட்டியதே அண்ணிதான்.

போன வாரம் தவளை அந்த டேப்பில் ஏறி நின்று, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "கொஞ்சமாவது போயிருக்கும்ல அண்ணி?" என்று கேட்டாள். அண்ணியின் கை விளக்குக் கம்பத்தைப் பிடித்து நேர் எதிரே தள்ளியது. அவள் யோசிக்கவே இல்லை. குழந்தை தடுக்கினால் கை தானாக நீளுமே, அப்படித்தான் நீண்டது.

இனி இன்றைய நாள்.

காலையில் அண்ணியிடம் முதலில் வந்தவர் ஒரு வங்கி மேலாளர். படுத்ததும் படுக்காததுமாக அவர் கேட்டார்.

"இது மொத்தமா போயிடுமா?"

"மொத்தமா போகாதுங்க. குறைஞ்ச மாதிரி தெரியும். விட்டுட்டீங்கன்னா திரும்ப வரும். அப்பப்ப வரவேண்டியிருக்கும்."

"பரவால்ல, உண்மையச் சொல்றீங்க."

அண்ணி ஜெல்லைத் தடவுவதுபோலக் குனிந்துகொண்டாள். ஊரில் உள்ளவர்களிடமெல்லாம் உண்மையைச் சொன்ன வாய் அது.

அவர் போன பிறகு டாக்டர் எட்டிப் பார்த்தார். நல்ல டாக்டர். யாரையும் அதிர்ந்து பேசாதவர், அதே நேரம் எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் விடாதவர்.

"உங்க நாத்தனாரோட ரெண்டு படத்தையும் இப்பதான் பாத்தேன். இங்க இதுவரைக்கும் வந்ததுலயே நல்ல ரிசல்ட். முகம்தான் இல்லையே, வரவேற்பு அறையில வைக்கலாமான்னு அவங்ககிட்ட கேட்டுச் சொல்றீங்களா?"

"கேக்கறேன் டாக்டர்."

"நல்லா செஞ்சிருக்கீங்க."

அண்ணி மெஷினைத் துடைக்கத் தொடங்கினாள். வீட்டுக்குள் சொன்ன பொய் வீட்டோடு கிடக்கும் என்று நினைத்திருந்தாள்.

அதே நேரத்தில் தவளை, நீச்சல் குளத்தின் உடை மாற்றும் அறையில், புது நீச்சல் உடையில் நின்றுகொண்டிருந்தாள். கருநீலம். கடையில் எடுக்கும்போது அண்ணிதான் தேர்ந்தெடுத்தாள். வெளியே ஏழெட்டுப் பெண்கள் குளத்தின் ஓரத்தில் கால் நனைத்தபடி புது டீச்சருக்காகக் காத்திருந்தார்கள். ஒருத்தி சிரிப்பது உள்ளே கேட்டது. குளோரின் வாசனையை முகர்ந்ததும் தவளைக்குத் தோள்கள் தானாக விரிந்தன. உடம்பு எதையும் மறக்கவில்லை.

கதவுப் பக்கம் போகும் வழியில் ஆள் உயரக் கண்ணாடி. அதற்குப் பக்கத்தில் ஜன்னல். காலை வெயில் பக்கவாட்டில் அடித்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். குழிகள் ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே இருந்தன.

முதலில் கண்ணாடி மேல் சந்தேகப்பட்டாள். பிறகு தன் கண் மேல். இந்த இரண்டையும் சந்தேகப்பட்ட பிறகும் அண்ணி மேல் சந்தேகம் வரவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். போனை எடுத்து இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முதல் படத்தில் அவள் நிழல் வலப்பக்கச் சுவரில் விழுந்திருந்தது. இரண்டாவது படத்தில் அந்தச் சுவர் வெறுமையாக இருந்தது.

தவளை நீச்சல் உடையின் மேலேயே சல்வாரைப் போட்டுக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டாள்.

பார்வையாளர் வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தது அவளுக்குத் தெரியாது. வரவேண்டாம் என்று தவளை ஒன்றுக்கு மூன்று தடவை சொல்லியிருந்தாள். வரமாட்டேன் என்று அம்மாவும் சொல்லியிருந்தாள். மடியில் ஒரு பெரிய துண்டை வைத்துக்கொண்டு, பத்து வருடம் கழித்து மகள் தண்ணீரில் இறங்குவதைப் பார்க்கக் காத்திருந்தவள், வேலிக்கு அந்தப் பக்கம் அவள் தலை குனிந்து போவதைப் பார்த்து எழுந்தாள். வீங்கிய கால் எவ்வளவு வேகமாகப் போகுமோ அவ்வளவு வேகமாகப் பின்னாலேயே போனாள்.

சிகிச்சை நிலையத்தில் மதிய இடைவேளை. டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். அண்ணி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தபோது தவளை வந்தாள்.

"வகுப்பு முடிஞ்சிருச்சா அதுக்குள்ள?"

"ஒரு படம் எடுக்கணும்."

"இப்பவா? எதுக்கு?"

"சும்மா. எடுங்க."

அவள் பேச்சில் 'அண்ணி' என்ற சொல் இல்லை. அண்ணிக்கு அப்போதே புரிந்துவிட்டது. தவளை தன் வாயால் கெடும் என்று அம்மா கிண்டல் செய்யும் அளவுக்கு ஓயாமல் பேசுகிற பெண், படம் எடுக்கும் அறைக்குள் போய், சல்வாரைக் கழற்றி மடித்து வைத்து, டேப்பின் மேல் ஏறி, முதுகு காட்டி நின்றாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

"விளக்க எங்க வைப்பீங்க?"

அண்ணி கம்பத்தைத் தூக்கி இடப்பக்க டேப்பின் மேல் வைத்தாள். இடுப்பு உயரத்துக்கு இறக்கினாள். முதல் தடவை எடுத்தது கலங்கலாக வந்தது. இரண்டாவது தெளிவாக வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து குனிந்து அதைப் பார்த்தார்கள்.

"எப்ப முடிவு பண்ணீங்க?"

"முடிவெல்லாம் பண்ணலடி. நீ கண்ண மூடிட்டு கேட்ட. என் கை போயிருச்சு."

"அப்புறம் ஒரு வாரம் இருந்துச்சே. அப்ப கை எங்க போச்சு?"

அண்ணி உண்மையைத்தான் சொன்னாள்.

"நீ பாட்டு பாடிக்கிட்டே துணி காயப்போட்ட. வீட்டுக்குள்ள நீ பாடி நான் கேட்டதே இல்ல. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து கேட்டதில்ல. அத நிறுத்த மனசு வரல."

தவளையின் உதடு கோணியது. அழுகையை அடக்கும்போது சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அப்படித்தான் கோணும்.

"எனக்குத் தொடை மேல கோவம் இல்ல. அது எப்பவும் இப்படித்தான் இருந்துச்சு, என்கிட்ட பொய் சொன்னதில்ல. கடையில கண்ணாடி, பஸ்ல ஜன்னல், எல்லாத்தையும் விட்டுட்டு உங்க ஒருத்தர் கண்ணத்தான் நம்புனேன். இனி நீங்க 'நல்லாருக்கு'ன்னு சொன்னா அத என்னன்னு எடுத்துக்கறது? இந்தப் புடவை நல்லாருக்குன்னு சொன்னாக்கூட, பாவம் பாத்து சொல்றாங்களோன்னுதான இருக்கும்?"

அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டாள். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. இந்தப் பெண்ணுக்கு அவள் தலை பின்னியிருக்கிறாள், காய்ச்சலில் கஞ்சி ஊற்றியிருக்கிறாள், வேலைக்கான முதல் நேர்காணலுக்குப் புருவம் திருத்தியிருக்கிறாள். ஒரு விளக்கை நகர்த்தி அத்தனையையும் சந்தேகத்துக்குரியதாக்கி விட்டாள்.

கதவை யாரோ தட்டினார்கள். தட்டிய வேகத்தில் கதவு திறந்தும் கொண்டது. அம்மா. மூச்சிரைக்க, கையில் துண்டோடு.

"நாத்தனாரும் அண்ணியும் கதவச் சாத்திட்டு என்னடி பண்றீங்க? ஏண்டி, கால் வலியோட ஒரு கிழவி பின்னாலயே ஓடி வர்றேன், திரும்பிப் பாக்க மாட்டியா?"

அரைகுறை உடையில் நின்ற மகளைப் பார்த்ததும், பேசிக்கொண்டே வந்து துண்டை விரித்து அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். பழகிய கை. கண் பார்க்காமலே முடிச்சுப் போட்டது.

தவளை அந்த முடிச்சை அவிழ்த்தாள். துண்டு கீழே விழுந்தது.

"இதுதாம்மா. இதுலதான் ஆரம்பிச்சுது."

"எதுல?"

"ஒவ்வொரு போட்டியிலயும் நான் தண்ணிய விட்டு ஏறக் கூட மாட்டேன், நீ துண்ட விரிச்சுட்டு நிப்ப. ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி. மத்த பொண்ணுங்கல்லாம் அப்படியே நடந்து போவாங்க. என்னை மட்டும் ஏன் மூடணும்னு யோசிச்சேன். யோசிச்சுத்தான் ஒருநாள் கண்ணாடியில திரும்பிப் பாத்தேன்."

"குளிருமேன்னு சுத்துனேண்டி."

"வெயில்லயுமா?"

பிரசவ வார்டில் எத்தனையோ பேருக்குச் சமயோசிதமாகப் பதில் சொன்ன அம்மா, அங்கிருந்த படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"முதல்ல குளிருக்குத்தான். அப்புறம் நீ வளந்த. பாக்கறவங்க ஏதாவது சொல்லிருவாங்களோன்னு பயம். நீ பயப்படுறதுக்கு முன்னாடி நான் பயந்துட்டேன்."

சொல்லிவிட்டுத் தன் நைந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எத்தன பொம்பளைக்கு ஊசி போட்டிருக்கேன். ராணி மாதிரி இருக்கறவளுக்கும் இந்தக் குழி இருக்கும், குச்சி மாதிரி இருக்கறவளுக்கும் இருக்கும். எனக்கும் இருக்கு. எங்கம்மாவுக்கும் இருந்துச்சு. வேணும்னா காட்டவா?" என்று புடவையைத் தூக்கப் போனாள்.

"அத்தை, கதவு திறந்திருக்கு," என்று அண்ணி பாய்ந்து போய்ச் சாத்தினாள்.

தவளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாது என்று நினைத்ததால் இன்னும் அதிகமாக வந்தது. சிரிப்பு பாதியிலேயே அழுகையாகி, அம்மாவின் தோளில் போய் முடிந்தது. அம்மா அவளை அணைத்துக்கொண்டு முதுகைத் தட்டினாள். "இத அப்பவே சொல்லியிருக்கலாம்ல நீ," என்ற சொல் மட்டும் தோளுக்குள்ளிருந்து கேட்டது.

"சொல்லியிருக்கணும்," என்றாள் அம்மா.

அண்ணி அந்த அணைப்புக்குள் போகவில்லை. போகலாமா என்று தெரியவில்லை. கீழே கிடந்த துண்டை எடுத்து உதறி மடித்தாள். வெளியே டாக்டரின் செருப்புச் சத்தம் கேட்டது. மடித்த துண்டை மேசை மேல் வைத்துவிட்டு அண்ணி அறையை விட்டு வெளியேறினாள்.

டாக்டர் அறைக்கும் படம் எடுக்கும் அறைக்கும் நடுவில் மெல்லிய பலகைத் தடுப்புதான். உள்ளே பேசுவது அப்படியே கேட்டது.

"டாக்டர், அந்தப் படத்த வரவேற்பு அறையில வைக்க முடியாது."

"ஏன், அவங்க ஒத்துக்கலையா?"

"கேக்கவே இல்ல. ரெண்டாவது படம் பொய் டாக்டர். விளக்க நேர் எதுக்க வச்சு எடுத்தேன். அவ சந்தோஷப்படட்டும்னு வச்சேன். இப்ப சரியா எடுத்துப் பாத்தோம். பெரிய வித்தியாசம் எதுவும் இல்ல."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"நீங்க இதுவரைக்கும் எத்தன பேருக்கு எடுத்திருப்பீங்க?"

"எல்லாருக்கும் நான்தான் எடுத்தேன்."

"அதெல்லாம்?"

"அதெல்லாம் சரியா எடுத்தது டாக்டர். சத்தியமா."

"நீங்க சொன்னா நேத்து வரைக்கும் சத்தியமே தேவைப்பட்டிருக்காது." டாக்டரின் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. "இன்னைக்கு சாயங்காலம் உக்காந்து ஒவ்வொண்ணா பாக்கலாம். பாத்துட்டு என்ன செய்யறதுன்னு முடிவு பண்றேன். அதுவரைக்கும் எங்கயும் போயிடாதீங்க."

தடுப்புக்கு இந்தப் பக்கம் தவளை அசையாமல் நின்றாள். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, விரலை உதட்டில் வைத்துத் தடுத்தாள்.

அண்ணி திரும்பி வந்தாள். முகம் கழுவிய மாதிரி வெளுத்திருந்தது. தவளை சல்வாரைப் போட்டு முடித்திருந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். பாவம் பாக்காம சொல்லணும். இத்தன வாரம் படுத்துக் கிடந்தேனே, கொஞ்சமாவது மாறியிருக்கா?"

அண்ணி அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"தோல் முன்னைக்கு மிருதுவா இருக்கு. கொஞ்சம் இறுகியிருக்கு, அது எனக்குக் கைக்குத் தெரியும். குழி அப்படியேதான் இருக்கு. ஒண்ணு ரெண்டு ஆழம் குறைஞ்சிருக்கலாம், அதையும் நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். இனியும் பண்ணா இவ்வளவுதான் வரும்."

தவளை கேட்டுக்கொண்டாள். முகத்தில் வலி வந்தது, கொஞ்ச நேரம் நின்றது. அண்ணி அதைத் துடைக்கப் போகவில்லை. துடைக்க வேண்டும் என்று பரபரத்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"சாயங்காலம் இன்னொரு வகுப்பு இருக்கு," என்றாள் தவளை. "காலையில ஓடி வந்ததுக்கு வயித்துவலின்னு சொல்லிக்கறேன்."

"போறியா?"

"போறேன். இறங்கறேன். ஆனா அந்தக் கண்ணாடியத் தாண்டி நடந்து போறப்ப நான் எப்படி இருக்கேன்னு ஒருத்தர் பாத்துச் சொல்லணும். அம்மாகிட்ட கேக்க முடியாது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நீங்க வாங்க அண்ணி. நீங்க பாத்துச் சொல்லுங்க."

அண்ணியின் கண் நிறைந்துவிட்டது. இத்தனைக்குப் பிறகும் இந்தப் பெண் தன் கண்ணைத்தான் கேட்கிறாள். வரேண்டி, கண்டிப்பா வரேன் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தடுப்புக்கு அப்பால் சாயங்காலம்வரை பொறுக்காமல் டாக்டர் கம்ப்யூட்டரில் படங்களை ஒவ்வொன்றாகத் திறக்கும் மவுஸ் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"வரேன்னு சொல்லத்தான் ஆசையா இருக்கு," என்றாள் அண்ணி. "ஆனா வர முடியுமான்னு தெரியல. டாக்டர் இருக்கச் சொல்லியிருக்காங்க. நாளைக்கு எனக்கு இங்க வேலை இருக்குமான்னும் தெரியல. வரேன்னு இப்ப சொன்னா, அது பொய்யாப் போனாலும் போயிரும்."

அம்மா, 'இந்த நேரத்துல இப்படியா சொல்வாங்க' என்பதுபோல மருமகளைப் பார்த்தாள்.

தவளையும் பார்த்தாள். காலையிலிருந்து இறுகிக் கிடந்த அவள் தோள்கள் இப்போதுதான் இறங்கின. அண்ணியின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"சரி அண்ணி," என்றாள். "இத நம்பறேன்."